கல்சுவரில் பதிந்த வார்ப்பிரும்பு அஞ்சல் பெட்டி: ஒரு மதிப்புரை

பிரிட்டனின் ஊர்ப்புறச் சாலையோரத்துக் கல்சுவரில் பதித்திருக்கும் சிறிய வார்ப்பிரும்பு அஞ்சல் பெட்டியையே இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொள்கிறேன். நகர வீதி முனையில் ஆளுயரத்துக்கு நிற்கும் தூண் பெட்டிக்குப் படம் பிடிப்பவர்களும் பாராட்டுபவர்களும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். சுவர்ப் பெட்டிக்கும், கம்பத்தில் மாட்டிய அதன் தங்கைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளுக்குச் சலுகை காட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆகவே, வந்த வேலையை அது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது, எங்கே தடுமாறுகிறது, பழுதானால் சரிசெய்ய முடிகிறதா என்ற கேள்விகளை முதலில் கேட்டு, பாரம்பரியம் என்ற பேச்சை அவற்றின் மேல்தான் வைக்கிறேன். பெட்டியின் மதிப்பில் பாதி அதன் இரும்பில் இருக்கிறது. மறுபாதி அது பதிந்திருக்கும் சுவரிலும், அதை இன்னும் நாள்தோறும் திறந்து மூடும் சாவியிலும் இருக்கிறது என்பது என் முடிவு.

முதலில் உடல். இத்தகைய பெட்டியின் முகப்பை விரல்களால் தடவிப் பார்த்தால், எந்த விளிம்பும் நேர் செங்கோணமாக முடியாமல் மிக மெல்லிய சாய்வோடு வெளிப்பக்கம் குறுகுவது தெரியும். அழகுக்காக வைத்த சாய்வு அல்ல அது. மரத்தில் செதுக்கிய மாதிரியை ஈர மணலில் அழுத்தி, மணல் சரியாமல் மாதிரியை வெளியே எடுக்க வேண்டும் என்பதற்காக ஃபவுண்டரிக்காரர்கள் விட்ட சாய்வு. வாயின் கீழ் உதட்டின் உட்புறத்தில் விரலை விட்டால் மணலின் சொரசொரப்பு அப்படியே கையில் படும். வெளிப்புறத்தை அரத்தால் ராவி மழுமழுவென்று ஆக்கியவர்கள், யாரும் பார்க்காத உட்புறத்தை அச்சு விட்ட நிலையிலேயே விட்டுவிட்டார்கள். பட்டறையில் செலவான உழைப்பு எந்த இடத்தில் நின்றது என்பதை நூறாண்டுக்கு மேல் கழித்தும் விரல் நுனியால் படிக்க முடிகிற பொருள்கள் சாலையோரத்தில் அதிகம் இல்லை.

பொருளின் தேர்வும் சரியான தேர்வே. ஏறத்தாழ 2 முதல் 4 விழுக்காடு வரை கரிமம் கலந்த வார்ப்பிரும்பு, எஃகைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் தண்ணீராகப் பாய்ந்து நிரம்பும். அதனால்தான் கிரீடமும் எழுத்துகளும் ஆலையின் பெயரும் தனியாகச் செய்து ஒட்டிய தகடுகளாக இல்லாமல், கதவின் உடலோடு ஒரே வார்ப்பாகப் புடைத்து நிற்கின்றன. எழுத்தைக் கழற்ற முடியாது, அழிக்க வேண்டுமானால் உளியால் வெட்டித்தான் எறிய வேண்டும். அழுத்தத்தைத் தாங்குவதில் இந்த இரும்பு கெட்டி, இழுவிசையில் பலவீனம். உள்ளே செதில் செதிலாகப் படிந்திருக்கும் கிராஃபைட்டே அதற்குக் காரணம். வண்டி மோதினால் தகட்டுப் பெட்டி நசுங்கும், இது நசுங்காது, விரிசல் விடும். ஆனால் மழைக்கு முன்னால் நிலைமை தலைகீழ். மெல்லிய எஃகுத் தகட்டில் துரு பிடித்தால் சில ஆண்டுகளில் ஓட்டை விழுந்துவிடும். விரற்கடைக் கனம் கொண்ட வார்ப்பில் மேற்பரப்புத் துரு உள்ளே இறங்கிப் பெட்டியைத் தின்று தீர்க்க ஒரு மனித ஆயுள் போதாது. சுவரில் பதித்த பெட்டிக்கு மூன்று பக்கமும் கல் அணைவாக இருப்பதால், மோதல் என்ற ஆபத்தும் பெருமளவு குறைந்துவிடுகிறது. பொருளின் பலவீனத்தைச் சுவர் ஈடுகட்டுகிறது என்பதால், இந்த வடிவம் தூண் பெட்டியைவிட அறிவார்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னி சீர்க்கட்டணமும் ஒட்டும் அஞ்சல்தலையும் வந்த பிறகுதான், யாரிடமும் பணம் கொடுக்காமல் கடிதத்தை எங்கேயோ போட்டுவிட்டுப் போகலாம் என்ற நிலையே உருவாயிற்று. அதுவரை சாலையோரப் பெட்டிக்குத் தேவையே எழவில்லை. அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த அந்தோனி டிரொலோப் பரிந்துரைத்ததன் பேரில் 1852-இல் ஜெர்சி தீவிலும், அடுத்த ஆண்டு கெர்ன்சி தீவிலும் சோதனையாகப் பெட்டிகளை நிறுத்தினார்கள். கெர்ன்சியின் செயிண்ட் பீட்டர் போர்ட் நகரில் யூனியன் வீதியில் நிற்கும் பெட்டி அந்தச் சோதனைக் காலத்தையது. இன்றும் கடிதம் வாங்குகிறது. பிரிட்டனின் பெருநிலப்பரப்பில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் லண்டன் என்று சொல்லக்கூடும். அது டார்செட் மாவட்டத்தில் பார்ன்ஸ் கிராஸ் என்ற நாட்டுப்புறச் சாலைச் சந்திப்பில் இருக்கிறது: 1853-ஐச் சேர்ந்த எண்கோணத் தூண், வாய் செங்குத்தாக. நகரங்களில் போக்குவரத்து பெருகி, சாலை அகலமாகி, பெட்டிகளைப் பெயர்த்துப் புதியவை வைத்தபோதெல்லாம், ஊர்ப்புறத்தில் இப்படி மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. பாதுகாப்புத் திட்டம் எதுவும் இல்லாமலே ஊர்ப்புறம் பாதுகாத்தது. கவனிக்காமல் விட்டதும் சில வேளைகளில் நல்லதுதான்.

சுவர்ப் பெட்டி 1857-இல் வந்தது. தூண் பெட்டியின் வார்ப்புச் செலவு சிறிய ஊர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், இருக்கிற சுவரில் ஒரு துளை போட்டு முகப்பையும் பெட்டியையும் பதித்துவிடுவது சிக்கனமான வழி. முதல் வடிவத்தில் வாய்க்கு மேல் கூரை இல்லை. மழைநீர் உள்ளே இறங்கிக் கடிதங்கள் நனைந்தன. 1859-இல் வடிவத்தைத் திருத்தி வாய்க்கு மேல் ஒரு சிறு கூரையை முன்னே நீட்டினார்கள். ஒரு மதிப்புரையாளனுக்கு இதைவிட நிறைவான செய்தி வேறு என்ன வேண்டும்? பயனாளர் குறை சொன்னார், இரண்டே ஆண்டில் வார்ப்பு மாதிரி மாறியது, மாறிய வடிவம் சிற்சில திருத்தங்களோடு ஒரு நூற்றாண்டு ஓடியது. கூரையின் நீட்டம் மூன்று விரல் அகலம்கூட இருக்காது. அடைமழையில் நின்று பார்த்திருக்கிறேன்: கூரையின் விளிம்பில் வடியும் நீர் வாய்க்கு முன்னால் திரையாக விழுகிறது, உதட்டின் சாய்வில் பட்டு வெளியே தெறிக்கிறது, உள்ளே ஒரு துளி இறங்குவதில்லை. காற்று நேர் எதிரே அடித்தால் மட்டும் இந்தக் கணக்கு தவறுகிறது. அப்போது கடிதத்தைக் கையோடு சற்று உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

அலங்காரத்துக்கு இடம் கொடுத்த போதெல்லாம் வேலை கெட்டது என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று உண்டு. 1866-இல் ஜே.டபிள்யூ. பென்ஃபோல்ட் வரைந்த அறுகோணப் பெட்டி, உச்சியில் இலைக் கொத்தும் மொட்டுமாக, சேகரிப்பாளர்கள் உயிரை விடும் பெட்டி. அதன் உள்மூலைகளில் கடிதங்கள் சிக்கிக்கொண்டதால் 1879-இல் மீண்டும் உருளை வடிவத்துக்கே திரும்பினார்கள். அந்த உருளைப் பெட்டியிலும் ஒரு வேடிக்கை நடந்தது. டெர்பி நகரத்து ஆண்ட்ரூ ஹேண்டிசைட் ஆலையின் வார்ப்பில் அரசியின் பெயரெழுத்தும் அஞ்சலகம் என்ற சொல்லும் விடுபட்டுப் போயின. 1887 வரை எட்டாண்டுகள் அப்படியே பெயரில்லாப் பெட்டிகளாக வார்த்துத் தள்ளினார்கள். வாயும் மிக உயரத்தில் இருந்ததால் கடிதங்கள் உச்சியில் மாட்டிக்கொள்ள, 1883-இல் வாயைக் கீழே இறக்கினார்கள். இத்தகைய பிழைகளே ஒரு பெட்டியின் வயதைத் துல்லியமாகச் சொல்ல உதவுகின்றன என்பதால், இன்றைக்கு அவற்றைக் குறை என்று கணக்கில் எழுத மனம் வரவில்லை.

கம்பப் பெட்டி 1896-இல் லண்டனின் விளக்குக் கம்பங்களுக்காக வந்த சிறிய பெட்டி. நகரத்துக்காகச் செய்தது ஊர்ப்புறத்தில்தான் நிலைத்தது. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடங்களில் ஒரு கம்பத்தை நட்டு மாட்டிவிட்டாலே வேலை முடிந்தது. கொள்ளளவு குறைவு, திருடனுக்கும் எளிது. சுவரோடு ஒன்றிய பெட்டியைப் பெயர்க்க அரை நாள் வேண்டும். கம்பப் பெட்டியைக் கழற்ற ஒரு ஸ்பானரும் ஓர் இருட்டான இரவும் போதும் என்பது இந்த வடிவத்தின் மிகப் பெரிய குறை. பழம்பொருள் சந்தையில் இதற்கு இருக்கும் கிராக்கி அந்தக் குறையை இன்னும் பெரிதாக்குகிறது.

இனி, பெட்டியின் முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஒரு சுவர்ப் பெட்டியின் கதவு ஏறத்தாழ ஒரு கல்வெட்டு. கிரீடத்தின் இருபுறமும் வி, ஆர் என்று விக்டோரியா அரசியின் பெயரெழுத்து இருந்தால் 1901-க்கு முந்தியது. ஏழாம் எட்வர்டின் பின்னிய எழுத்து இருந்தால் 1901-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது. எண் எதுவும் இல்லாமல் ஜி.ஆர். என்று மட்டும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தது. எட்டாம் எட்வர்ட் 1936-இல் ஓராண்டுகூட அரியணையில் இருக்கவில்லை. அவர் எழுத்தைத் தாங்கி வந்த தூண் பெட்டிகள் 160-க்குச் சற்றே மேல், ஆகவே அவற்றைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடிவிளிம்பில் டபிள்யூ.டி. ஆலன் நிறுவனம், லண்டன் என்று சிறிய எழுத்தில் புடைத்திருந்தால் வார்த்த ஆலையும் தெரிந்துவிடும். சுவர் கட்டிய காலம் தெரியாத இடங்களில் பெட்டியை வைத்துச் சுவரின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்: சுற்றிலும் உள்ள கற்கள் பெட்டியின் அளவுக்கே செதுக்கி அடுக்கியவையா, அல்லது பின்னால் உடைத்துப் பதித்துச் சுண்ணாம்பு பூசியதா என்று பார்த்தால் போதும். அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் இருக்கும் பெட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை.

இந்த எழுத்துகள் வெறும் அலங்காரம் அல்ல என்பதை அரசியல் பலமுறை காட்டியிருக்கிறது. அயர்லாந்து 1922-இல் தனி அரசான பிறகு, அரசியின் எழுத்தைத் தாங்கிய சிவப்புப் பெட்டிகளைப் பெயர்த்தெறியாமல் பச்சை வண்ணம் பூசினார்கள். எழுத்தும் கிரீடமும் அந்தப் பச்சைக்கு அடியில் இன்றும் துலக்கமாகத் தெரிகின்றன, அந்நாட்டின் கட்டடப் பாரம்பரியப் பட்டியலில் இத்தகைய சுவர்ப் பெட்டிகள் பல இடம்பெற்றிருக்கின்றன. சைப்ரஸில் அதே வேலையை மஞ்சள் வண்ணம் செய்தது. ஸ்காட்லாந்தில் 1952-இல் எடின்பரோவின் இன்ச் பகுதியில் இரண்டாம் எலிசபெத் என்ற எண்ணோடு ஒரு பெட்டியை நிறுவியபோது, முதலாம் எலிசபெத் தங்கள் நாட்டை ஆளவில்லையே என்று எதிர்ப்பு எழுந்து, 1953 பிப்ரவரியில் அதை வெடி வைத்தே தகர்த்தார்கள்; அதன் பிறகு அங்கே நிறுவிய பெட்டிகளில் ஸ்காட்லாந்துக் கிரீடம் மட்டும்தான். ஹாங்காங்கில் 2015-இல் எஞ்சியிருந்த 59 பழைய பெட்டிகளின் அரச முத்திரையை மறைக்கலாம் என்று அஞ்சல் துறை யோசித்தபோது, அதை வேண்டாம் என்றவர்கள் அந்த ஊர் மக்களே. வென்றவரின் முத்திரையைச் செதுக்கி அழிப்பதற்கும், மறைப்பதற்கும், மேலே தன் வண்ணத்தைப் பூசிவிட்டுப் படிக்க விடுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை எந்தப் பாடநூலையும்விட ஓர் அயர்லாந்துச் சுவர்ப் பெட்டி தெளிவாகக் காட்டுகிறது. ஒரு கோட் பெயிண்டில் அவர்கள் முடித்த விஷயத்தை மற்றவர்கள் வெடிமருந்து வரை கொண்டுபோனார்கள் என்பது என் தனிப்பட்ட வியப்பு.

வண்ணம் என்றதும் ஒன்று. 1859-இன் முதல் பொது வடிவத்துப் பெட்டிகள் பச்சை. வயலும் வேலியும் மரமுமான சூழலில் பச்சைப் பெட்டி கண்ணுக்கே படவில்லை என்ற புகார் வலுத்ததால் 1874-இல் சிவப்புக்கு மாறத் தொடங்கி, எல்லாவற்றையும் பூசி முடிக்கப் பத்தாண்டு ஆயிற்று.

சேவை என்ற வகையில் குறைகளைச் சொல்லாவிட்டால் இது புகழுரையாகிவிடும். சுவர்ப் பெட்டியின் வாய், மடித்த தாள் நுழையும் காலத்துக்குச் செய்தது. முழுத்தாள் அளவு உறையை மடிக்காமல் போட முடியாது. மடித்தால் உள்ளே இருப்பது கெடும். சின்ன பார்சலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அடுத்து, தபால் எடுக்கும் நேரம். பிரிட்டனின் ஊர்ப்புறப் பெட்டிகள் பலவற்றில் இப்போது தனி வண்டி வருவதில்லை. பட்டுவாடாவுக்கு வரும் அஞ்சல்காரரே போகிற போக்கில் எடுத்துக்கொள்கிறார். அதனால் பலகையில் காலை 9 மணி என்று இருக்கும். ஒன்பதரைக்குப் போட்ட கடிதம் மறுநாள்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். இது பெட்டியின் குறை அல்ல, ஆனால் பெட்டியின் முன்னால் நிற்பவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது.

ஊர்ப்புறத்துக்கே உரிய குறை வேறு இருக்கிறது. நத்தை. ஈரமான சுவரில் ஏறி, வாய் வழியாக உள்ளே இறங்கி, காகிதத்தைத் தின்கிறது. நான் போட்ட ஓர் உறை, சேரவேண்டியவரிடம் ஓரம் முழுக்க அலை அலையாகக் கடித்த நிலையில் போய்ச் சேர்ந்தது. அஞ்சல்தலையின் பசை அதற்கு மிகவும் பிடித்திருந்தது போலும், தலையில் பாதியைக் காணவில்லை. வாயின் உட்புறத்தில் பிரஷ் போன்ற மயிர்த்தடுப்பை வைத்து இதைச் சமாளிக்கிறார்கள், அது கூரையைப் போலவே எளிமையான தீர்வு. சிட்டுக் குருவியளவுள்ள சிறு பறவைகளும் இனப்பெருக்கக் காலத்தில் உள்ளே கூடு கட்டுவதுண்டு. குஞ்சு பறக்கும்வரை வாயை அடைத்து, கடிதம் போட வேண்டாம் என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவார்கள். அந்தச் சில வாரங்கள் சேவை இல்லை. இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

பராமரிப்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான வருத்தம். நான் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு பெட்டிக்கு வண்ணம் பூச ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தார். பழைய பூச்சைச் சுரண்டவில்லை, தூசியைத் துடைத்தாரா என்பதும் ஐயம். தடிமனான சிவப்பை மேலேயே இழுத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தபோது ஆலையின் பெயரில் பாதி எழுத்துகள் குழைந்து மேடாகிவிட்டன. கிரீடத்தின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நேரப் பலகையின் ஓரத்திலும் சிவப்பு வழிந்திருந்தது. அடிவிளிம்பில் உதிர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன்: பளிச்சென்ற சிவப்பு, அதன் கீழ் மங்கிய சிவப்பு, அதன் கீழ் ஏறக்குறைய காவி, இன்னும் கீழே ஆரஞ்சு நிற ஈயப் பூச்சு என்று மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்காக இருந்தது. பெட்டி கெட்டுப்போவது துருவால் என்றுதான் நினைத்திருந்தேன்; எழுத்தைப் பொறுத்தவரை துருவைவிடப் பெயிண்டே பெரிய எதிரி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. முறையான வழி கடினமானதும் அல்ல. பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், பூச்சை இளக்கும் ரசாயனத்தைத் தடவி, மரச் சுரண்டியால் எடுத்து, எழுத்துகளின் இடுக்கை மென்பிரஷால் துலக்கி, இரும்பு ஈரம் காணும் முன்பே பிரைமர் அடித்து, மேற்பூச்சை மெல்லிய இரண்டு கோட்டாகக் கொடுக்க வேண்டும். மணலைப் பீய்ச்சி அடிக்கும் வேலை வேகமானது. ஆனால் அழுத்தம் கூடினால் வார்ப்பின் மேல்தோலையே அது கொண்டுபோய்விடும். விரிசலுக்குச் சாதாரண வெல்டிங் கூடாது. முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் ராடு கொண்டு, வேலை முடிந்ததும் மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அவசரமாகப் பற்றவைத்தால் பழைய விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் விழும்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். சந்தையில் பழையது என்று வரும் பெட்டிகளில் அலுமினிய வார்ப்பு நிறைய. காந்தம் ஒட்டாது, எடை அதே அளவு இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான் வரும். இரும்பிலேயே வார்த்த போலியைக் கண்டுபிடிப்பது சற்று நுணுக்கமான வேலை. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்கும் என்பதால் ஃபவுண்டரியில் மர மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். அசல் பெட்டியையே மாதிரியாக மணலில் அழுத்தி நகல் எடுப்பவரின் பெட்டியோ அசலைவிட அந்த ஒரு விழுக்காடு சிறியதாக வரும். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள முகப்பில் இது 6 மில்லிமீட்டர். எழுத்தின் விளிம்புகளும் ஒரு தலைமுறை மழுங்கியிருக்கும். அசலே கிடைத்தாலும், எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்து ஆதாரம் கேட்காமல் வாங்குவது, ஏதோ ஒரு சாலையோரச் சுவரில் விழுந்த ஓட்டைக்குப் பணம் கொடுப்பதாக முடியலாம். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், சட்டப்படி வாங்கிய அசல் பெட்டிகூடத் தோட்டத்தில் நிற்கும்போது பாதி விலைதான் பெறும். இரும்பு அப்படியே வந்திருக்கும், சுவர் வராது. எந்த வளைவில், எத்தனை வீடுகளுக்கு நடுவில், எந்த உயரத்தில் பதித்தார்கள் என்பதெல்லாம் பெயர்த்த நாளிலேயே போய்விடும்.

இதை அஞ்சல் துறையும் பாரம்பரிய அமைப்பும் சேர்ந்தே ஒப்புக்கொண்ட இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராயல் மெயிலும் அன்றைய இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பும் 2002-இல் ஏற்றுக்கொண்டு, பின்னர் 2015-இல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்போடு புதுப்பித்த கொள்கையின் சாரம், இருக்கும் பெட்டிகளை இருக்கும் இடத்திலேயே, பயன்பாட்டிலேயே வைத்திருப்பது என்பதாகும். அரிய பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கூண்டில் வைப்பதை அது முதல் வழியாகக் கொள்ளவில்லை. கூடவே, 98 விழுக்காடு முகவரிகளுக்கு அரை மைல் தொலைவுக்குள் ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்ற சேவை விதியும் பிரிட்டனில் இருக்கிறது. பட்டியலில் சேர்த்துப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பெட்டிகளும் உண்டு. 1976-இல் தொடங்கிய லெட்டர் பாக்ஸ் ஸ்டடி குரூப் என்ற ஆர்வலர் அமைப்பு, வகை வகையாக, வார்ப்பு வார்ப்பாகக் குறித்து வைத்த பதிவுகள் இல்லாவிட்டால் எந்தப் பெட்டி அரியது என்று சொல்லவே அரசு அமைப்புகளுக்கு வழி குறைந்திருக்கும். இத்தனையிலும் என் பார்வையில் அதிக வேலை செய்வது அந்த அரை மைல் விதிதான். ஒரு பெட்டி எவ்வளவு அழகு என்று அது கேட்பதில்லை, பக்கத்தில் வேறு பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே பெட்டி தப்பிக்கிறது.

கடிதமே நின்றுபோனால் இந்தக் காப்பும் நிற்காது. டென்மார்க்கின் போஸ்ட்நார்ட் நிறுவனம் 2025 ஜூன் முதல் தன் 1,500 சிவப்புப் பெட்டிகளை அகற்றத் தொடங்கி, அந்த ஆண்டின் முடிவில் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. மறுபுறம், அதே ஆண்டில் பிரிட்டனில் சூரியத் தகடும் பார்கோடு ஸ்கேனரும் பார்சல் போடும் இழுப்பறையும் பொருத்தி 3,500 பெட்டிகள் வரை மாற்றியமைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். தூண் பெட்டிக்கு இந்த மாற்றத்தைத் தாங்கும் உடம்பு இருக்கிறது. பழையவற்றைத் தொடாமல் புதிய வார்ப்புகளில் செய்தால் எனக்கு மறுப்பும் இல்லை. சுவர்ப் பெட்டிக்கோ கம்பப் பெட்டிக்கோ இத்தனை சாமானைச் சுமக்க இடம் கிடையாது. பார்சல்தான் இனி வருமானம் என்றால், பார்சல் நுழையாத வாயுள்ள பெட்டிகளைப் பற்றித் தனியாக ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதற்குக் கடிதம் மட்டும் என்று அவற்றின் நெற்றியிலேயே எழுதி, வேலையைக் குறைத்துக்கொடுத்து விட்டுவைப்பது மலிவான தீர்வு. அஞ்சல்காரர் எப்படியும் அந்தச் சாலையில் பட்டுவாடாவுக்கு வருகிறார்.

அப்படி அவர் வந்து நின்ற ஒரு காலையில் பக்கத்தில் இருந்தேன். சாவியை நுழைத்து அரைச் சுற்று திருப்பியதும் கதவு கீல் முனகாமல் திறந்தது. உள்ளே மூன்றே கடிதங்கள். கதவின் வெளிப்பக்கம் விக்டோரியாவின் எழுத்து, உட்பக்கம் ஒட்டியிருந்தது ஒரு பார்கோடு. கையிலிருந்த கருவியை அதற்கு நேரே காட்டினார், அது ஒரு முறை கூவியது. கடிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, பூட்டு விழுந்ததா என்று உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கதவின் அந்த ஓரத்தில் மட்டும், உள்ளங்கை படும் இடத்தில், புதிதாகப் பூசிய சிவப்பு ஏற்கெனவே தேய்ந்திருந்தது.